குதிகால் பாவாதவள்

மெலீட்டா டீச்சர் ஒரு துண்டுத்தாளில்
உடைகளின் கணக்கை எழுதித் தந்தார்.
கிராமத்தார் பதினொன்று. பாதிரி ஒன்று.
மீனவர் தலைவன் ஒன்று, அவனுக்கு மட்டும் பித்தளைப் பொத்தான்.
கடைசியில், ஒரு கோடு போட்டு,
அவள் ஒன்று.

எஸ்தோனியக் கரைக்கு எதிரே,
குளிர்காலத்தில் கடல்மேல் லாரி ஓடும் தீவு எங்களுடையது.
இங்கே பல் முளைக்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும் அந்தக் கதை.
உறைந்த கடலில் நடந்து ஒருத்தி வந்தாள்.
குதிகால் தரையில் பாவவில்லை.
பால் திரிந்தது. ஹெர்ரிங் வரவில்லை.
கல்லால் அடித்து விரட்டினார்கள்.
மறுநாளே
வலை கிழியக் கிழிய மீன்.
கதை முடிந்தது, கேக் வெட்டலாம்.

பனிக்கட்டி உருகினால் மீன் வரும் என்று
ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது.
அந்தப் பாடத்தையும் மெலீட்டா டீச்சர்தான் எடுக்கிறார்,
செவ்வாய்க்கிழமைகளில்.

அவள் வேஷத்துக்கு ஒரு கைகூட எழவில்லையாம்.
போன வருஷம் போட்ட கெர்துவை
கோடை முழுக்க யாரும் படகில் ஏற்றவில்லை.
அதனால் ஐலி.
மீன் ஆலைக்கு வேலைக்கு வந்தவளின் மகள்.
ஏழு வயது, எப்போதும் நுனிக்கால் நடை,
பேசுகிறவர் முகத்தை விட்டுவிட்டு
சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள்.
"சொல்லித்தரவே வேண்டாம், அப்படியே பொருத்தம்"
என்றார் டீச்சர்,
ஒரு செலவு மிச்சமானவர்போல.

அளவெடுக்க வந்தாள்.
நாடா தோளில் பட்டதும் விலகி,
என் பொத்தான் டப்பாவோடு மேசைக்கடியில் புகுந்தாள்.
நிறவாரியாக அல்ல, துளைவாரியாகப் பிரித்தாள்.
இரண்டு துளை, நான்கு துளை,
துளையே இல்லாத ஒன்று.
"இது எங்கே போகும்?" என்று கேட்டாள்.
என் வாயில் குண்டூசிகள் இருந்தன.
பதில் சொல்லாததற்கு
நல்ல காரணம்.

நாடகத்தன்று
காகிதக்கூழில் செய்து சாம்பல் நிறம் அடித்த கற்கள்,
ஆளுக்கு மூன்று.
மூன்றும் வீசியானது. கைகள் இறங்கவில்லை.
ராய்மோ ஷூவைக் கழற்றினான்.
முன்வரிசையில் யாரோ ஒருவரின் அப்பா சிரித்தார்,
பிறகு வரிசை வரிசையாக, நானும்.

ஐலி ஓட வேண்டிய இடம் அது.
ஓடவில்லை.
குனிந்து கற்களைப் பொறுக்கினாள்,
ஒரு கையால்தான், மற்றது மூடியே இருந்தது.
பெரியது, சிறியது, சாயம் உரிந்தது என்று
மேடை விளிம்பில் அடுக்கினாள்.
உரிந்த ஒன்றில் பழைய செய்தித்தாள் தெரிந்தது.
எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்:
"பட-கு வி-ற்-ப-னைக்கு. வி-சா-ரிக்-கவும்."

யாருக்கும் அடுத்த வசனம் இல்லை.
அவள் நிற்பதாகக் கதையில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை,
ஓடுவதாகத்தான்.
பாதிரி வேஷத்துப் பையன் அழ ஆரம்பித்தான்.
பியானோ இரண்டு பக்கம் தாண்டி
மீன் வரும் இடத்துக்குப் போயிற்று.
மீன் வந்தது, அட்டையில்,
நல்ல கைத்தட்டல்.

சனிக்கிழமை உடைகளைத் துவைக்கப் போடும்போது
பாதிரி அங்கியின் பையில் ஏதோ கனத்தது.
கல். நிஜமான கடற்கரைக் கல்,
காடை முட்டை அளவு.
அழுத பையன்தான்.
வீசவில்லை. கீழே போடவும் இல்லை.
வைத்திருந்திருக்கிறான்.

அந்தக் கல் இப்போது என் தையல் மெஷின் மேல் இருக்கிறது.
யாரிடமும் காட்டவில்லை. காட்டினால்
பை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

டீச்சர் தந்த தாளில் பை என்ற சொல்லே இல்லை.
பதிமூன்று உடைகளுக்கும் நானாகத்தான் வைத்தேன்,
பிள்ளைகளுக்கு ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று.
பதினான்காவதில் வைக்கவில்லை.
துணி போதாமல் இல்லை.

ராத்திரி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
இரண்டு துளை, சரி.
நான்கு துளை, சரி.